ஓட்முண்டின் ஈஸ்ட் கூவல்

ஓட்முண்ட், கரைக்குக் கரை போகும் எங்கள் ஊர் ஃபெர்ரிப் படகில் டிக்கெட் கொடுப்பவன். கார்களை ஏற்றி வரிசையாக நிறுத்துவதும், நடுவே உணவறையில் இரும்பு அச்சில் வாஃபிள் சுட்டு விற்பதும், கரை நெருங்கியதும் வண்டிக்காரர்களை வண்டிக்குப் போகச் சொல்லி அறிவிப்பதும் அவன் வேலைகள். முதல் இரண்டில் யாரும் குறை சொன்னதில்லை. மூன்றாவதில்தான் தகராறு. ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தாலும் அவன் குரல் பக்கத்து அறையில் யாரோ ஜெபம் பண்ணுவது மாதிரிதான் கேட்கும். கரை வந்து, வண்டிகள் இறங்கும் பாலம் தாழ்ந்து, வழி திறந்திருக்கும். முதல் வரிசைக் காரின் சொந்தக்காரர் மேலே உட்கார்ந்து வாஃபிளுக்கு இன்னும் கொஞ்சம் ஜாம் தடவிக்கொண்டிருப்பார். ஃபெர்ரி தாமதமாவதற்கு நிர்வாகத்துக்கு எழுதும் காரணங்கள் பனிமூட்டம், புயல், ஓட்முண்ட் என மூன்று என்று ஷூர் சொல்லித் திரிந்தான். அது சரியல்ல. முதல் இரண்டும்தான் எழுதப்பட்டன.

ஷூர் அவனுடைய பக்கத்துப் பண்ணைக்காரன். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் எங்கள் ஃபியோர்டில், இந்தக் கரையில் அவன் தும்மினால் அந்தக் கரையில் ஆடு தலை தூக்கும்.

ஓட்முண்ட் பெர்கன் நகரத்துப் பையன். ஃபெர்ரி வேலைக்கு வந்தவன், ஹௌகென் பண்ணையின் மகள் சுன்னிவாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அதனால் ஊருக்கே அவன் மாப்பிள்ளை. திருமணத்தில் அவன் சம்மதம் என்று சொன்னது பாதிரியார் காதில் விழ மூன்று முறை ஆயிற்று. அன்றைய விருந்தில் ஷூர்தான் பீர் காய்ச்சியிருந்தான், ஆகவே ஷூர்தான் வாழ்த்திப் பேசினான். அந்தப் பேச்சில் பெரும்பகுதி இந்தச் சம்மதத்தைப் பற்றியே இருந்தது. ஓட்முண்ட் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

எங்கள் ஊரில் கல்யாணமோ ஞானஸ்நானமோ, பீர் யார் காய்ச்சியதோ அவர் குரல்தான் என்பது வழக்கம். குழந்தைக்கு கோயிலில் பாதிரியார் பெயர் வைத்தபின் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். காய்ச்சியவர் முதல் கிண்ணத்தைக் கையில் தூக்கி, குழந்தையின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டுக் குடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் ஊரில் செல்லும்.

1988 ஆகஸ்டில் சுன்னிவாவுக்குப் பெண் பிறந்தது. அக்டோபரில் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஹௌகென் பண்ணையில் அப்போது பீர் காய்ச்ச ஆள் இல்லை. சுன்னிவாவின் அப்பா முந்தின வருடம் காலமாகிவிட்டார். அவருடைய செம்புக் கொப்பரையில் ஓட்முண்டின் மாமியார் ராங்ஹில்ட் ஜன்னல் திரைகளை ஊறவைத்துக்கொண்டிருந்தார். ஷூர் வேலியோரம் வந்து நின்று தானாகவே உதவிக்கு முன்வந்தான்.

"பீரைப் பத்திக் கவலைப்படாத மாப்ள. நான் காய்ச்சுறேன், பேரையும் நானே கூப்பிட்டுடுறேன். உம் புள்ள பேரு உனக்காவது காதுல விழணும்ல?"

ஓட்முண்ட் ஏதோ சொன்னான். ஷூர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது நன்றி அல்ல. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவன் சுன்னிவாவிடம் அதையே மறுபடி சொன்னான்.

"அவ பேரை நான்தான் சொல்லுவேன்."

அதுவரை அவன் தேநீர் தவிர வேறு எதையும் காய்ச்சியவன் அல்ல.

வீடு வீடாகப் போய் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டான். எல்லாரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தார். ஜூனிப்பர் என்கிற காட்டுப் புதரின் கிளையைப் பழத்தோடு போடு என்றார்கள், பழம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார்கள். கசப்புக்கு ஹாப்ஸ் பூ ஒரு கைப்பிடி, ஹாப்ஸே வேண்டாம், கொதிக்க வை, கொதிக்க வைத்தால் கெட்டது. ஷூர் வீட்டில் மட்டும் இரண்டு செய்முறை கிடைத்தது, ஏனென்றால் அவன் மனைவியும் சமையலறையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்த ஓட்முண்ட், இவ்வளவு பேரும் ஆளுக்கொன்று வைத்திருக்கும்போது தனக்கென்று ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தான். நல்ல முடிவுதான். அதைச் செய்த விதம்தான் விபரீதம்.

புதிதாகக் காய்ச்சுகிறவர் எல்லாரும் செய்கிற தப்பை அவனும் செய்தான். தனக்குப் பிடித்ததை எல்லாம் ஒரே பானையில் போட்டான். காபி, ஏலக்காய், மலைப்பழ ஜாம், கருப்பு அதிமதுர மிட்டாய், கடைசியாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி பழுப்புச் சீஸ். புளிக்கவைக்க ஒரு கரண்டி ஈஸ்டை ஷூர் தன் பீப்பாயிலிருந்து கொடுத்தான். ஈஸ்ட் போடும்போது போடுகிறவர் உரக்கக் கூவ வேண்டும், கூவல் எவ்வளவு பலமோ பீர் அவ்வளவு பலம், கூவியவரே காய்ச்சியவர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தன் ஈஸ்ட் அந்நியக் குரலுக்கு எழுந்திருக்காது என்று அதையும் ஷூரே கூவிக் கொடுத்தான்.

பீர் நுரைத்து அடங்கியதும் எங்கள் சிலருக்குச் சுவை பார்க்க அழைப்பு வந்தது. பானையின் மேலே சீஸ் ஒரு படலமாக மிதந்தது. ஷூர் ஒரு வாய் குடித்தான். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான்.

"மாப்ள, இதை ரொட்டில தடவணுமா, கதவுக் கீலுக்குப் போடணுமா?"

நானும் குடித்தேன். கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து எல்லாத் தட்டையும் ஒரே தொட்டியில் கழுவினால் அந்தத் தண்ணீருக்கு என்ன சுவை இருக்குமோ அதுதான். பன்றிக்கு ஊற்றினார்கள். பன்றி குடிக்கவில்லை என்று ஷூர் சொல்வதும் சரியல்ல. குடித்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அன்றைக்குச் சுன்னிவா கேட்ட கேள்விதான் அவனைக் காப்பாற்றியது.

"என்னென்ன போடலாம்னே யோசிக்கிறியே, குடிச்சா எப்படி இருக்கணும்னு யோசிச்சியா?"

ஓட்முண்ட் யோசித்தான். ஃபெர்ரியில் போக வர யோசித்தான். அறிவிக்க மறந்ததில் ஒரு மீன் லாரி இறங்காமல் திரும்ப இந்தக் கரைக்கே வந்தது. மூன்றாம் நாள் அவனிடம் பதில் இருந்தது. காலையில் அச்சு சூடாகும்போது முதல் வாஃபிள் ஓரத்தில் லேசாகக் கருகும், அந்த வாசனை வேண்டும். அதற்குப் பின்னால் மழை விட்டதும் காட்டிலிருந்து வருகிற வாசனை. இரண்டே இரண்டு. வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாவது எளிது, ஜூனிப்பர் இருக்கிறது. முதலாவதற்கு அவன் செய்ததை எந்தப் பண்ணையிலும் யாரும் செய்ததில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, ஃபெர்ரியின் வாஃபிள் அச்சிலேயே போட்டு மூடி வறுத்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் மழையை அளந்து குறிப்பது என் வேலை. அந்த அளவை அனுப்ப நான் வாரம் ஒருமுறை அக்கரை தபால் நிலையத்துக்குப் போவேன். போகும்போதும் வரும்போதும் அவன் தேநீர்க் கோப்பைகளை என் முன்னால் வரிசையாக வைப்பான். பீர் அல்ல. வறுத்த மால்ட்டையும் ஜூனிப்பரையும் வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு. முதல் வாரம் பாதிக்குப் பாதி வறுத்ததைப் போட்டிருந்தான். தீயணைத்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் ஜூனிப்பரைப் பழத்தோடு கொதிக்கவிட்டிருந்தான், நாக்கு சுருண்டது. ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும், இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது என்பதை அவனே கண்டுபிடித்தான். போகப் போக வறுத்தது குறைந்தது. கிளையிலிருந்து பழம் போய் இளந்தளிர் மட்டும் மிஞ்சியது. கடைசியில் வாளி மால்ட்டுக்கு ஒரு பிடி வறுத்தது போதும் என்று நின்றது. அச்சில் ஒட்டியிருந்த ஏலக்காய் வாசனையும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அது அவன் திட்டமிட்டதல்ல, ஆனால் விடவில்லை.

அந்த நாட்களில் பயணிகள் தின்ற வாஃபிள்களில் தானியம் இருந்தது. ஒருவர் பல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பியானோ சரிபார்க்க வருகிற மனிதர் ஒருவர் மட்டும், பிறகு அது நின்றுபோனதும், அந்தத் தானிய வாஃபிள் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை கொப்பரையில் இருந்து திரைகள் வெளியேறின. எங்கள் ஈஸ்டுக்கு இரண்டு இரவு போதும், ஆகவே காலம் இருந்தது. ஓட்முண்ட் ஜூனிப்பர் தண்ணீரைச் சூடாக்கினான், மால்ட்டை ஊறவைத்தான், வடித்தான். வேடிக்கை பார்க்க வந்த ஷூர் ஒரு கரண்டி எடுத்து நக்கிவிட்டு, கரண்டியைத் திருப்பி அதன் அடியையும் நக்கினான். ஷூர் கேலி செய்ய மறந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாறு, அப்போது கறந்த பாலின் சூட்டுக்கு ஆறியது. வீட்டு பீருக்கு வீட்டு ஈஸ்ட்தான் என்பதில் ராங்ஹில்ட் உறுதியாக இருந்தார். கணவர் கடைசியாகக் காய்ச்சியதிலிருந்து எடுத்து, காயவைத்து, உதிர்த்து ஒரு காபி டப்பாவில் வைத்திருந்தார். மேல் அலமாரியில் இடது பக்க டப்பா என்று நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். ஓட்முண்ட் எடுத்து வந்தான். பழுப்பாக, செதில் செதிலாக இருந்ததைச் சாற்றின் மேல் தூவினான். பிறகு நிமிர்ந்து, மூச்சை இழுத்து, கூவினான்.

குடையை எங்கோ மறந்து வைத்தவன் "ஓ" என்பானே, அந்த அளவுக்கு ஒரு சத்தம் வந்தது.

"இது கூவலா, கொட்டாவியா?" என்றான் ஷூர்.

புதன்கிழமை காலை மூடியைத் திறந்தால் சாறு காற்றில்லாத நாளில் ஃபியோர்டு கிடப்பது போலக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. மேலே பழுப்புச் செதில்கள் ஊறி உப்பிக் கிடந்தன. எங்கள் ஊரில் கூவலை நம்புகிறேன் என்று ஒப்புக்கொள்பவர் யாரும் இல்லை. கூவாமல் ஈஸ்ட் போட்டவரும் யாரும் இல்லை. ஆகவே கூவல் பற்றவில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்துத்தான். ஷூர் வேலியோரம் வந்து ஆறுதல் சொன்னான்.

"என் பீப்பாய் ரெடியா இருக்கு மாப்ள. பேருக்கு முன்னாடி பேச ரெண்டு வார்த்தையும் எழுதிட்டேன். நாலு பக்கந்தான் வந்திருக்கு."

அந்த நான்கு பக்கம்தான் ஓட்முண்டை மலையேற வைத்தது. மதியம் வேலை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கோடைக்கால மேய்ச்சல் நிலத்துக்குப் போனான். ஆடுகளை எல்லாம் கீழே இறக்கியாயிற்று, அங்கே கேட்க யாரும் இல்லை என்று நினைத்தான். ஒரு பாறை மேல் நின்று கூவிப் பழகினான். முதல் ஒரு மணி நேரம் பிரயோஜனம் இல்லை. பிறகு எங்கோ ஏதோ திறந்துகொண்டது. பள்ளத்தாக்கு எதிரொலித்தது. கீழே எங்கள் வீட்டு முற்றத்தில் எனக்கே கேட்டது, யாரோ பாறைப் பிளவில் விழுந்து கால் உடைந்து கிடக்கிறார் என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல, எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

மலை மீட்புக் குழுவுக்கு ஷூர்தான் தலைவன். ஆறு பேர் ஸ்ட்ரெச்சரும் கயிறுமாக ஏறினார்கள். பாறை மேல் ஓட்முண்ட் நல்லபடியாகத்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் அதற்குள் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவன் வாயசைத்தான், காற்றுதான் வந்தது. பேச்சு போய்விட்டது, அதிர்ச்சி என்று ஷூர் தீர்மானித்தான். கம்பளியில் சுற்றி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, அந்தச் செங்குத்தான பாதையில் இறக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் வைத்தார்கள். வழி முழுக்க அவன் கையாட்ட முயன்றிருக்கிறான். கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

சுன்னிவா கட்டை அவிழ்த்தாள். "எங்க போன?" என்றாள். அவன் பதில் சொன்னான். கேட்கவில்லை. இந்த முறை உண்மையிலேயே கேட்கவில்லை.

வியாழன் காலையிலும் சாறு அப்படியே இருந்தது. ஓட்முண்ட் கழுத்தில் கம்பளித் துண்டோடு கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பீப்பாய் கேட்டு ஷூர் வீட்டுப் பக்கம் நடக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ராங்ஹில்டுக்கு மதியம் ஒரு பழக்கம் உண்டு. தட்டை ரொட்டித் தூளை ஒரு கிண்ணத்தில் போட்டு, இளஞ்சூடான பாலும் சர்க்கரையும் ஊற்றி, அடுப்போரம் வைத்து ஊறவிடுவார். வானொலியில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை முடிந்ததும் சாப்பிடுவார். அன்று அறிக்கையின் நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் கிண்ணம் நுரைத்துப் பொங்கி, மேசை விரிப்பில் வழிந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சுன்னிவா, இங்க வா. என் சாப்பாடு நடக்குது."

சுன்னிவா வந்தாள், ஓட்முண்டும் வந்தான். மூன்று பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். நுரை மெதுவாகக் கண்ணாடியைத் தொட்டது.

"நேத்தும் இதைத்தான் சாப்பிட்டேன். விடிய விடிய வயித்துக்குள்ள ஃபெர்ரி ஓடுன மாதிரி இருந்துச்சு" என்றார் ராங்ஹில்ட்.

சுன்னிவா அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். விருந்து வருகிறதென்று திங்கட்கிழமை அவள்தான் டப்பாக்களை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினாள். இரண்டும் ஒரே மாதிரிக் காபி டப்பா. இடது வலதாகிவிட்டது. ஓட்முண்ட் கூவி எழுப்பப் பார்த்தது ரொட்டித் தூளை.

மேலே மிதந்த ரொட்டியை அரித்து எடுத்தார்கள். சாறு இன்னும் கெடவில்லை, முகர்ந்தால் லேசாகப் பழ வாசம் மட்டும். மறுபடி சூடாக்கி ஆறவைத்தார்கள். சாயங்காலம் மறுபடி பால் சூட்டுக்கு வந்தது. விருந்து மேசையில் தன் பீப்பாய் எங்கே நிற்கும் என்று அளந்துபோக ஷூரும் அந்த நேரத்துக்கு வந்திருந்தான். மழைமானியின் புனலைச் சரிசெய்யத் தகரம் கேட்டு நானும் போயிருந்தேன். அதனால் நடந்ததற்கு இரண்டு சாட்சி.

ஓட்முண்ட் சரியான டப்பாவைத் திறந்தான். முகர்ந்தான். ராங்ஹில்டின் மூக்கருகேயும் நீட்டினான். தூவினான். கால்களை அகற்றி நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தான். துருத்தியில் ஓட்டை விழுந்தால் வருகிற சத்தம் வந்தது. மறுபடி முயன்றான், அதுவும் வரவில்லை. ஷூர் கையிலிருந்த அளவுநாடாவைப் பார்த்தபடி ஏதோ சொல்லப் போனான்.

அப்போது சுன்னிவாவின் தோளில் இருந்த குழந்தை, பால் நேரம் தாண்டிவிட்டதாலோ அப்பாவின் திறந்த வாயைப் பார்த்தோ, கத்தியது.

நான் எழுபது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் கூவல் கேட்டுவருகிறேன். அப்படி ஒன்று கேட்டதில்லை. கொப்பரையின் மூடி அதிர்ந்தது. நாய் விறகுப் பெட்டிக்குள் போனது. ஷூரின் அளவுநாடா கையை விட்டுச் சுருண்டு உள்ளே ஓடியது.

வெள்ளி காலை நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லாரும் ஹௌகென் வீட்டுக்கு வந்தார்கள். பீர் மேசைக்கு வந்தது. முதல் கிண்ணத்துக்கு முன்னால் சுவை பார்க்கும் உரிமை பக்கத்து வீட்டுக்காரனுக்கு. ஷூர் குடித்தான். மறுபடி குடித்தான். வாஃபிளின் கருகிய ஓரம், அதன் பின்னால் ஈரக் காடு, இரண்டும் வரிசையாக வந்தன. பிறகு அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு எழுந்தான். நான்கு பக்கம் உள்ளே இருந்தது தெரிந்தது.

"பீரு நல்லா இருக்கு. அதுல எனக்குப் பேச்சே இல்ல. ஆனா கூவுனவன்தான் காய்ச்சுனவன். மாப்ள கூவல, நான் கண்ணால பாத்தேன்."

அவன் சொன்னது சரிதான், வழக்கம் அதுதான். பழைய வழக்கமெல்லாம் தெரிந்தது நான்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா என்று ஷூரே கேட்டான். நான் நினைவில் இருந்ததைச் சொன்னேன். பெண்கள் கூவியிருக்கிறார்கள். மேல் பண்ணையில் பேச்சு வராத ஒருவர் மாட்டு மணியை ஆட்டினார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கைக்குழந்தை கூவியது இதுவே முதல் தடவை. ஆனால் கூவியது கூவியதுதான். வழக்கப்படி இந்தப் பீரைக் காய்ச்சியவள் அந்தக் குழந்தை, பெயரைச் சொல்ல வேண்டியவளும் அவளே.

ஓட்முண்ட் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது வெள்ளைச் சட்டையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ கிண்ணத்தை அதன் பக்கம் நகர்த்தினார்கள். கொஞ்ச நேரம் உண்மையாகவே காத்திருந்தோம்.

ராங்ஹில்ட் கரண்டியை மேசையில் தட்டினார்.

"அவ சின்னப் புள்ள. ரெண்டு மாசத்துப் புள்ளைக்குப் பதிலா பேசுறது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா, பெத்த அப்பனா?"

ஷூர் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் இன்னொரு வாய் குடித்தான், அந்தப் பீரை வைத்துக்கொண்டு யாருக்கும் வெகுநேரம் சண்டை போடத் தோன்றாது. பையிலிருந்த காகிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

"அப்பன்தான்" என்றான்.

ஓட்முண்ட் எழுந்தான். கிண்ணத்தைத் தூக்கினான். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே அறையில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். நாற்காலிகள் கிறீச்சிடவில்லை. அவன் வாழ்நாளில் யாரும் அவனுக்காக அப்படி அமைதியாக இருந்ததில்லை.

"குத்ரூன்" என்றான்.

கரகரப்பாக, தணிந்துதான் வந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"குத்ரூன்" என்று எல்லாரும் திருப்பிச் சொன்னோம். ஷூரும் இருந்ததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு தன் பங்குக்குக் கத்தியது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த முறை நான் காய்ச்சும்போது இவளைக் கொஞ்சம் அனுப்பி வை என்று ஷூர் சுன்னிவாவிடம் காதோடு கேட்டான். காதோடு என்பதால் எல்லாருக்கும் கேட்டது.

அனுப்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரில் பாதிக் கொப்பரைகளுக்குக் கூவியது குத்ரூன்தான். ஓட்முண்ட் அதற்குப் பிறகும் வருடந்தோறும் அதே பீரைக் காய்ச்சினான். வருடத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பான், பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுவான். பழுப்புச் சீஸ் பக்கம் மறுபடி போகவில்லை.

சுன்னிவா வேலைக்குத் திரும்பிய குளிர்காலத்தில், ராங்ஹில்டுக்கு முடியாத நாட்களில் ஓட்முண்ட் குழந்தையை ஃபெர்ரிக்குக் கூட்டிப்போவான். கரை நெருங்கியதும் அவள் வாயிலிருந்து ரப்பர் காம்பை எடுத்துவிட்டு, அவளை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடிப்பான். வாஃபிளைப் பாதியில் வைத்துவிட்டு எல்லாரும் வண்டிக்கு ஓடுவார்கள். அந்த வருடம் ஃபெர்ரி தாமதமானது பனிமூட்டத்தாலும் புயலாலும் மட்டுமே.